12 வோல்ட் போர்டைச் சர்ஜிலிருந்து காப்பாற்ற இரண்டு டயோடும் ஒரு ஃபியூஸும்

12 வோல்ட் பேட்டரி, 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டர், மைக்ரோகன்ட்ரோலர், பிசி547 டிரான்சிஸ்டர் வழியாக ஒரு ரிலே. கற்றுக்கொள்ளும்போது பலரும் முதலில் செய்கிற போர்டு இதுதான், இதையே எடுத்துக்கொண்டு சர்ஜிலிருந்து, அதாவது ஒரு கணம் திடீரென எகிறும் வோல்டேஜிலிருந்து, காப்பாற்றுவோம். வீட்டு 230 வோல்ட் ஏசி லைனுக்கு இந்த முறை கிடையாது, அங்கே முயற்சி செய்ய வேண்டாம்.

முதலில் ரிலே. சிறிய 12 வோல்ட் ரிலேவின் காயில் 400 ஓம் இருந்தால் 30 மில்லி ஆம்பியர்தான் ஓடும், ஆனால் டிரான்சிஸ்டர் ஆஃப் ஆகும் கணத்தில் அந்தக் கரண்டு சட்டென்று நிற்காது, தனக்கு வழி தேடி, காயிலோடு இணைந்த டிரான்சிஸ்டர் காலான கலெக்டரில் வோல்டேஜை எக்கச்சக்கமாக ஏற்றிவிடும். பிசி547 தாங்குவது 45 வோல்ட். எனவே காயிலின் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு வையுங்கள்: கோடு போட்ட முனை 12 வோல்ட் பக்கம், மறுமுனை கலெக்டர் பக்கம். மாற்றி வைத்தால் ரிலேவை ஆன் செய்ததுமே டயோடு வழியாக ஷார்ட் ஆகும், டிரான்சிஸ்டர் போய்விடும்.

அடுத்து பேட்டரி ஒயர் நுழைகிற இடம். பாசிட்டிவில் முதலில் ஃபியூஸ், அதைத் தாண்டியதும் பாசிட்டிவுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே ஒருதிசை டிவிஎஸ் டயோடு (எல்லை தாண்டும் வோல்டேஜைக் கிரவுண்டுக்குத் திருப்பிவிடும் டயோடு), கோடு பாசிட்டிவ் பக்கம். எந்த டிவிஎஸ் என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். '12 வோல்ட் சர்க்யூட், 12 வோல்ட் டிவிஎஸ்' என்று வாங்கக் கூடாது, லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வரை போகும். டேட்டாஷீட்டில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஸ்டாண்டாஃப் வோல்டேஜ் (இதுவரை டிவிஎஸ் கடத்தாமல் சும்மா இருக்கும்) அந்த 14.4-க்கு மேலே இருக்க வேண்டும், கிளாம்பிங் வோல்டேஜ் (சர்ஜ் வரும்போது டிவிஎஸ் இதற்கு மேல் ஏற விடாது) 7805 தாங்கும் 35-க்குக் கீழே இருக்க வேண்டும். பி6கேஇ18ஏ என்ற டிவிஎஸ்ஸில் இவை 15.3, 25.2. சரியாகப் பொருந்துகிறது.

கால்களைக் குட்டையாக வெட்டி, டெர்மினலை ஒட்டியே சால்டர் செய்யுங்கள், நீளமான காலின் இண்டக்டன்ஸே கூடுதல் வோல்டேஜை உள்ளே விட்டுவிடும். ஃபியூஸை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். தாங்க முடியாத சர்ஜ் வந்தால் டிவிஎஸ் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும், அப்போது பேட்டரியைத் துண்டிக்க வேறு ஆளில்லை. பேட்டரியைத் தலைகீழாக மாட்டினாலும் இதே டிவிஎஸ் நேராகக் கடத்தி ஃபியூஸை எரித்துவிடும்.

அப்புறம் ஒன்று: 1என்4007 போட்டபின் ரிலே விடுபடக் கொஞ்சம் தாமதமாகும். வேகம் முக்கியம் என்றால் அதோடு தொடராக ஒரு 12 வோல்ட் ஜீனர் (12 வோல்ட்டில் பின்திசையில் கடத்தும் டயோடு) சேருங்கள், இரண்டின் கோடுகளும் ஒன்றையொன்று பார்க்கும்படி. கலெக்டர் 25 வோல்ட் வரை ஏறும், பிசி547 அதைத் தாராளமாகத் தாங்கும்.