வேளாங்கண்ணிக்கு நடக்கப் போகிறீர்களா? ராயபுரத்திலேயே பழகத் தொடங்குங்கள்

முதல் நாள் யார் வேண்டுமானாலும் நடந்துவிடுவார்கள். பாட்டும் ஜெபமாலையும் கூட்டமும் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இரண்டாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு, வீங்கிய பாதத்தைத் தரையில் ஊன்றி எழும்போதுதான் பழகியவர் யார், பழகாதவர் யார் என்று தெரியும். நான் பழகாமல் போனவன். முதல் யாத்திரையில் மரக்காணம் தாண்டுவதற்குள் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. கீழே உள்ளவை எல்லாம் அந்த நகம் கற்றுக்கொடுத்தவை.

1. நாளைக் கணக்கிடுங்கள்

கொடியேற்றம் ஆகஸ்ட் 29, பெருவிழா செப்டம்பர் 8. ராயபுரத்திலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் வழியாக ஏறத்தாழ 330 கிலோமீட்டர். நாளைக்கு 30 என்று வைத்தால் 11 நாட்கள். கொடியேற்றத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் 18 அன்று கிளம்ப வேண்டும். எனவே ஜூன் 13, அந்தோணியார் திருநாள் முடிந்த கையோடு பயிற்சியைத் தொடங்குங்கள். ஒன்பது வாரம் கிடைக்கும்.

2. நடந்து பழகுங்கள்

முதல் மூன்று வாரம் தினமும் ஐந்து கிலோமீட்டர் போதும். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை நடந்து, பஸ்ஸில் திரும்பலாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் அதிகம். இருட்டில் அந்தப் பக்கம் வேண்டாம். ஞாயிறு காலை மீன் சந்தை நேரத்தில் காசிமேட்டைக் கடப்பது நடையில் சேராது, அது நீச்சல். அன்று பாரிமுனை வழியாக மெரினாவுக்குப் போய்விடுங்கள்.

நான்காம் வாரத்திலிருந்து சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து நடக்க வேண்டும். பலர் ஒரே ஞாயிற்றுக்கிழமை 25 கிலோமீட்டர் நடந்துவிட்டு, மறுநாள் முழுக்கப் படுத்துக்கொண்டு, தயாராகிவிட்டதாக நினைக்கிறார்கள். வலியோடு எழுந்து மறுபடி நடக்கக் காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை பெசன்ட் நகர் மாதா கோவில் வரை போங்கள், சுமார் 14 கிலோமீட்டர். ஞாயிறும் அதே தூரம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒருமுறை சனிக்கிழமை போய்த் திரும்பும் வழியையும் நடந்துவிட்டு, ஞாயிறு 15 நடந்து பாருங்கள். அதன்பின் கிளம்பும் வரை தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

3. பாதம்

கொப்புளத்துக்குக் காரணம் மூன்று: சூடு, ஈரம், உரசல். ஷூவை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாங்கினாலும் சரி, வேறெங்கு வாங்கினாலும் சரி, மாலையில் போய் வாங்குங்கள். நடந்தால் பாதம் வீங்கும். காலையில் கச்சிதமாக இருப்பது மாலையில் கடிக்கும். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகல இடம் இருக்கட்டும். நான் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு புது ஷூ வாங்கியவன். முடிவைத்தான் மேலே சொன்னேனே.

பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நைலான் கலந்த மெல்லிய காலுறை நல்லது. மதிய ஓய்வில் மாற்றிவிடுங்கள். எங்காவது சுருக்கென்றால் அந்த இடத்திலேயே நின்று மருத்துவ டேப் ஒட்டுங்கள். "அடுத்த பந்தலில் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அடுத்த பந்தலில் கொப்புளம் இருக்கும். உடைந்தால் மேல்தோலைப் பிய்க்காமல் கழுவி, கட்டுப் போடுங்கள். தொடை இடுக்கில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். இதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் பாதிப் பேர் தவிப்பது இதனால்தான்.

வெறுங்காலோடு நடப்பதாக வேண்டுதல் என்றால் பயிற்சியின் முதல் நாளிலிருந்தே வெறுங்காலோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் ஏறினாலும் தெரியாது. மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

4. பை

நான்கு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. காவி உடை இரண்டு செட், லுங்கி, துண்டு, டார்ச், டேப், கத்தரிக்கோல், தினமும் சாப்பிடும் மாத்திரைகள், ஆதார் அட்டை, பிளாஸ்டிக் உறை. ஆகஸ்டில் மாலை இடிமழை திடீரென்று வரும். குழுவோடு வேன் வந்தாலும் டேப்பும் தண்ணீரும் உங்கள் தோளில்தான் இருக்க வேண்டும். வேன் எப்போதும் இரண்டு கிலோமீட்டர் முன்னால்தான் நிற்கும்.

5. வெயிலும் சாலையும்

மூன்று மணிக்குக் கிளம்பி, பத்து மணிக்குள் நிழலில் படுத்து, நாலு மணிக்கு மேல் மறுபடி நடப்பது எங்கள் குழுவின் வழக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வலப்புற ஓரமாக நடங்கள். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும். ஒளி மின்னும் பட்டையைச் சட்டையின் முன்னும் பின்னும் ஒட்டுங்கள்.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடலில் உப்பு குறையும். கடையில் கிடைக்கும் உப்பு–சர்க்கரைப் பொட்டலம் போதும். அது இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பந்தலில் தரும் மோரை மறுக்காதீர்கள். சோற்றை மட்டும் அரை வயிற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அன்னதானத்தில் அன்பாக அள்ளிப் போடுவார்கள், நடக்கப் போவது நீங்கள்.

6. கடைசி வாரம்

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது கால் நகங்களை நேராக வெட்டுங்கள். கிளம்புவதற்கு முந்தின இரவு வெட்டினால் முனை குத்தும். திரும்பும் ரயிலுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடும். திருவிழா நேரத்தில் டிக்கெட் சீக்கிரம் தீரும். கீழ்ப் படுக்கையாகக் கேளுங்கள். 330 கிலோமீட்டர் நடந்து வந்த காலோடு மேல் படுக்கைக்கு ஏணியில் ஏறிப் பார்த்தவன் சொல்கிறேன்.