அப்பாவுக்கு வந்த மின்கட்டணக் குறுஞ்செய்தி

"இன்று இரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று அப்பாவின் போனுக்குச் செய்தி வந்தது. பதறிப்போய் அதிலிருந்த இணைய இணைப்பைத் (லிங்க்) தொட்டு, கார்டு எண்ணையும் போட்டுவிட்டார். ஓடிபி கேட்டபோதுதான் என்னைக் கூப்பிட்டார், நல்லவேளை. உடனே வங்கிக்குப் போன் செய்து கார்டை முடக்கினோம். அப்புறம் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கும் சொன்னோம்.

பிறகு அந்த இணைப்பின் முகவரியை அப்பாவோடு உட்கார்ந்து படித்தேன். தொடக்கத்தில் மின்வாரியத்தின் பெயர். ஆனால் அது வெறும் அலங்காரம். முகவரிக்குள் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் (/) சற்று முன்னால், கடைசிப் புள்ளியின் இருபக்கமும் ஒட்டி இருப்பதுதான் உண்மையான தளம். அங்கே சம்பந்தமே இல்லாத ஒரு பெயர், டாட் எக்ஸ்ஒய்இசட்.

"முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்ததே?" என்றார் அப்பா. போகிற வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றுதான் பூட்டு சொல்லும். எதிர்முனையில் இருப்பது யார் என்று சொல்லாது. திருடனும் அதை இலவசமாக வாங்கலாம்.