எழுத்தே இல்லாத காமிக்ஸில் வெளிநாடு போனவரின் கதை: வரையும் முறை

மன்னார்குடி, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் எந்தத் தெருவை எடுத்தாலும் சிங்கப்பூரிலோ துபாயிலோ ஒருவர் இருப்பார். அந்த வாழ்க்கையை எழுத்தில்லாமல் வரைவதற்குக் காரணம் உண்டு. போய் இறங்கியவருக்கு அங்கே பல பலகைகள் படிக்க வராது, பலர் பேச்சு புரியாது. வாசகரையும் அதே திகைப்பில் நிறுத்த வேண்டும்.

அதனால் அயலூர்க் காட்சியில் கடைப்பலகை, பேருந்து, படிவம் எல்லாவற்றிலும் நீங்களே உருவாக்கிய குறிகளைப் போடுங்கள். ஆஸ்திரேலிய ஓவியர் ஷான் டான் 2006-ல் வெளியிட்ட ‘தி அரைவல்’ என்ற வசனமில்லாத படக்கதை நூலிலும் கற்பனை எழுத்துதான். நிஜ அரபியையோ சீனத்தையோ எழுதினால், தெரிந்தவர் படித்துவிடுவார், திகைப்பு போய்விடும். பதினைந்து குறிகளைத் தனித்தாளில் வரைந்து வைத்துக்கொண்டு அவற்றை மட்டுமே பயன்படுத்துங்கள். சாப்பாட்டுக் கடை வாசலில் ஒரே குறி மூன்று முறை வந்தால், நாலாம் முறை குறியை மட்டும் காட்டினாலே வாசகருக்குப் புரியும். கதாநாயகனோடு அவரும் அந்த மொழியைக் கற்றுக்கொள்கிறார். இந்தச் சந்தோஷத்தை எழுத்துள்ள காமிக்ஸ் தர முடியாது.

முகபாவத்தை நம்பாதீர்கள். கண்ணீர் வரைந்தால் சோகம் என்று மட்டும்தான் தெரியும், எதற்கென்று தெரியாது. பொருளும் கையும்தான் கதை சொல்லும். ஏஜென்டுக்குக் கட்ட நகை அடகு வைப்பதை ஐந்து கட்டத்தில் முடிக்கலாம்: மனைவி கழுத்தில் சங்கிலி, அதைக் கழற்றும் விரல்கள், அடகுக்கடைத் தராசு, நோட்டை எண்ணும் கை, மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சிய கழுத்து. சங்கிலிக்கு மாங்காய் டாலர் மாதிரி தனி அடையாளம் வேண்டும். இல்லாவிட்டால் தராசில் இருப்பது அதே நகைதானா என்று வாசகர் தடுமாறுவார். வெளிநாடு போனவர் திரும்பி வரும் பக்கத்தில் மறுபடி அந்தக் கழுத்தைக் காட்டுங்கள்.

காலம் நகர்வதைத் தேதித்தாளில் காட்டக் கூடாது, அதுவும் எழுத்துதான். சம்பா வயல் இருக்கிறதே! நாற்றங்கால், நடவு, பச்சைப் பயிர், கதிர், அறுத்த தாள், அதன்மேல் உளுந்து என ஆண்டுக்கு ஆறு கட்டம். மூன்று வரிசை போட்டால் மூன்று ஆண்டு ஒரே பக்கத்தில் அடங்கும். கோணம் மாறவே கூடாது. ஒரு மின்கம்பத்தைப் பதினெட்டுக் கட்டத்திலும் ஒரே இடத்தில் நிறுத்துங்கள். கோணம் மாறினால் வெவ்வேறு வயலாகிவிடும். பின்னணியில் கீற்று வீடு மெத்தை வீடாக மாறட்டும், பணம் வந்த கதை தானாகச் சொல்லப்படும்.

வீடியோ காலில் வாயசைவு வரைந்து பயனில்லை. போன் திரையில் கதாநாயகனுக்குத் தெரிவதை வரையுங்கள்: குழந்தை கோணலாகப் பிடித்திருப்பதால் பாதித் திரையில் மின்விசிறி, ஓரத்தில் அம்மாவின் காது.

மை பூசும் முன் தீப்பெட்டி அளவுச் சிறு படங்களாக மொத்தக் கதையையும் போட்டு, விளக்கம் சொல்லாமல் ஒருவரிடம் கொடுங்கள். அவர் எந்தக் கட்டத்தில் பின்னால் போய்ப் பார்க்கிறாரோ அங்கே இடையில் ஒரு படம் குறைகிறது. திருச்சி விமான நிலைய வாசலில் பிரியும் காட்சி வலப்பக்கத்தின் கடைசிக் கட்டமாக அமையட்டும். தாளைத் திருப்பினால்தான் அயலூர் தெரிய வேண்டும்.

நான்கு ஏ4 தாளை மடித்தால் 16 பக்கம். பக்க எண்ணிக்கை 4-ன் மடங்காகவே இருக்க வேண்டும். வெளி ஓரத்தில் 1 செ.மீ., மடிப்புப் பக்கம் 1.5 செ.மீ. விடுங்கள், இல்லையென்றால் கட்டத்தை மடிப்பு விழுங்கிவிடும். உருவத்தின் வெளிக்கோட்டுக்கு 0.8 மி.மீ. பேனா, உள்விவரத்துக்கு 0.3. ஜெராக்ஸில் சாம்பல் நிழல் திட்டுத்திட்டாக விழும், ஆகவே நிழலைக் கோடுகளாகவே போடுங்கள். ஸ்கேன் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி). அச்சில் 16-ம் பக்கமும் 1-ம் பக்கமும் ஒரே தாளில் அருகருகே வரும், அதன் பின்புறம் 2-ம் 15-ம். வெற்றுத்தாளை மடித்து எண் போட்டுச் சரிபார்த்துவிட்டுக் கடைக்குக் கொடுங்கள்.