தீட்சிதருக்கு ஒரு நாள் கருத்தரங்கு

முத்துசுவாமி தீட்சிதரைப் பற்றி ஒரு நாள் கருத்தரங்கு வைக்கப் போகிறீர்களா? 'வாழ்வும் இசையும்' என்று பொதுவாகத் தலைப்பு வைக்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி போதும். நாங்கள் சென்ற முறை எடுத்துக்கொண்டது நவக்கிரக கீர்த்தனைகளின் தாளங்கள்.

முதல் வேலை, 1904இல் எட்டயபுரத்தில் அச்சான சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற ஸ்வரக் குறிப்பு நூலிலிருந்து அந்தக் கீர்த்தனைகளின் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுப்பது. மூலம் தெலுங்கு எழுத்தில் இருக்கும். ஸ்வரங்களைத் தமிழில் எழுதி அடியில் சேருங்கள். ஸ்வரத்தின் மேல் நெளிகோடு இருந்தால் கம்பிதம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம். அதை வீணைக்காரர் ஒருவர் மேடையிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். காகிதத்தில் இருந்த கோடு தந்தியில் அசைவதைப் பார்த்ததும் சபை நிமிர்ந்து உட்காரும்.

அப்புறம் நவக்கிரக கீர்த்தனைகளில் சூரியனைப் பற்றிய 'சூர்யமூர்த்தே'. துருவ தாளம், ஒரு சுற்றுக்கு 14 அட்சரம், அதாவது 14 எண்ணிக்கை. எல்லோரையும் கை தட்டித் தாளம் போட வையுங்கள்.

பேச்சாளர்கள் மூன்று பேர், ஆளுக்கு நாற்பது நிமிடம், கேள்விக்கு இருபது. முதல் வருடம் ஆறு பேரைக் கூப்பிட்டேன். கடைசியாகப் பேசிய அம்மா காலி நாற்காலிகளுக்கு முன்னால் பாடினார். இன்றும் மனசு உறுத்துகிறது.

தம்புராவை அரை மணி முன்பே சுருதி சேர்த்துவிடுங்கள்.