முதுகில் ஊசி போடப் போகிறீர்களா? ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்

முதுகுத்தண்டில் ஊசி என்றதும் எல்லோரும் கேட்பது வலிக்குமா என்றுதான். கொஞ்சம் வலிக்கும், சரி. அதைவிட முக்கியமாக டாக்டரிடம் கேட்க வேண்டியது, இந்த ஊசி வலி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவா, வலியைக் குறைக்கவா, இரண்டுக்குமா என்பது.

ஸ்கேனில் டிஸ்க் தேய்ந்திருக்கிறது என்று வந்துவிட்டால் மட்டும் போதாது, ஏனென்றால் வலியே இல்லாத பலருடைய ஸ்கேனிலும் அதே தேய்மானம் தெரியும். அதனால் முதுகெலும்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் சின்ன மூட்டான ஃபேசெட் மூட்டையோ நரம்பையோ, எதைச் சந்தேகப்படுகிறார்களோ அதை, ஊசியால் மரத்துப்போக வைத்துப் பார்க்கிறார்கள். வலி அடங்கினால் பெரும்பாலும் திருடன் அகப்பட்டான். கால் வரைக்கும் இழுக்கும் நரம்பு வலிக்குத் தண்டுவட உறைக்கு வெளியே போடும் எபிடூரல் ஊசியில் பெரும்பாலும் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டும் சேரும்.

வார்ஃபாரின், க்ளோபிடோக்ரெல் போல ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சல், அலர்ஜி, கர்ப்பம் இருந்தாலும் மறைக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு சில நாள் சர்க்கரையை ஏற்றிவிடும், அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரே திரையில் ஊசிமுனையைப் பார்த்துக்கொண்டே போடுவார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அன்று வண்டி ஓட்டாதீர்கள்.

இனிமேல்தான் உங்கள் வேலை. கண்டுபிடிப்பதற்கான ஊசி என்றால் வலி மாத்திரையை முன்பே நிறுத்த வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள், வலியோடு போனால்தான் வித்தியாசம் தெரியும். ஊசிக்கு முன் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று குறித்துவிட்டு, வீடு வந்ததும் பேசாமல் படுத்துவிடாமல், டாக்டர் தடுக்காத வரை, வழக்கமாக எது வலியைக் கிளப்புமோ, குனிவதோ நிற்பதோ, அதை மெதுவாகச் செய்து பார்த்து மணிக்கொரு தடவை எழுதுங்கள். மரத்துப்போகும் மருந்து சில மணி நேரம்தான் நிற்கும் என்பதால் மறுநாள் யோசித்துச் சொல்வது பெரும்பாலும் குத்துமதிப்புதான். 'பரவாயில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள், டாக்டருக்கு அதில் ஒன்றும் தெரியாது.

மறுபடி வலி வந்தால் ஊசி வீண் என்று நினைக்க வேண்டாம், ஸ்டீராய்டு வேலை செய்யச் சில நாள் ஆகும். பலன் சில வாரமோ சில மாதமோ நிற்கலாம், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. வலி குறையும் அந்த நாட்களில் உடற்பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள்.

எழுந்து உட்கார்ந்தால் தலை பிளப்பதுபோல் வலித்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். கால் பலவீனம் கூடிக்கொண்டே போனாலோ, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.