அறுவை சிகிச்சை ஆய்வு: இராமநாதபுரம் கரையோர மருத்துவ மாணவர்கள் தொடக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்ஜரி வார்டு போஸ்டிங் தொடங்கியதுமே ஓர் ஆய்வு செய்துவிட வேண்டும் என்று பல மாணவர்கள் துடிக்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் எடுக்கும் தலைப்போ ரோபோ அறுவை சிகிச்சை, செயற்கை நுண்ணறிவு என்று தங்கள் வார்டில் இல்லாத ஒன்றாக இருக்கிறது. முதல் தவறு இதுதான்.

இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. அங்கே படிப்பவர்களின் கண்முன்னே இருப்பது வேறு உலகம்: திருக்கை முள் குத்திய மீனவர்கள், பனை ஏறி விழுந்தவர்கள், சீமைக் கருவேல முள் தைத்து, சர்க்கரை நோயும் சேர்ந்துகொள்ள, கால் புண் ஆறாமல் தவிப்பவர்கள். கேள்வி இவர்களிடமிருந்து வரட்டும். அதுவும் கேள்வியாகவே வரட்டும். ‘திருக்கை முள் காயங்கள்’ என்பது வெறும் தலைப்பு. ‘காயத்துக்குள் தங்கிய முள் துண்டு எத்தனை பேருக்கு முதல் நாளே கண்டுபிடிக்கப்பட்டது?’ என்று கேட்டால்தான் எதை எண்ணுவது என்று தெரியும்.

அடுத்து, தரவு. பெரும்பாலான ஆய்வுகள் கெட்டுப்போவது இங்கேதான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப் படகுகள் கடலுக்குப் போகும். அந்த இரண்டு மாதம் மட்டும் கணக்கெடுத்துவிட்டு, கடல் காயங்கள் இந்த மாவட்டத்தில் குறைவு என்று எழுதினால் அது பொய்க்கணக்கு.

இன்னொன்று, மேல்சிகிச்சைக்காக மதுரைக்கு அனுப்பப்பட்டவர்கள். மோசமான நிலையில் வந்தவர்கள்தான் பெரும்பாலும் அப்படிப் போகிறார்கள். முடிவு தெரியவில்லை என்று அவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால், மிச்சமிருப்பவர்கள் எல்லோரும் நன்றாகக் குணமானதுபோல் தோன்றும். மதுரைக்குப் போனவர்கள் எத்தனை பேர், எதற்காகப் போனார்கள் என்பதையாவது எழுதியே ஆக வேண்டும்.

டிஸ்சார்ஜ் நாளோடு கணக்கை முடிப்பதும் இதே வகைத் தவறு. அறுவை சிகிச்சைக் காயத்தில் தொற்று வந்ததா என்று பார்க்க வழக்கமான வரையறையே 30 நாட்கள். உள்ளே கம்பி, பிளேட் வைத்த சில சிகிச்சைகளுக்கு 90 நாட்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போன மீனவர், காயம் ஆறியதும் கடலுக்குத்தான் போவார், ஓபிக்கு வர மாட்டார். அதனால் சேர்க்கும்போதே அவர் சம்மதத்தோடு வீட்டில் இருப்பவரின் போன் எண்ணையும் வாங்கி வையுங்கள். எதைத் தொற்று என்று கொள்ளப்போகிறோம் என்பதையும் தரவு எடுக்கும் முன்பே எழுதிவிட வேண்டும், பாதியில் மாற்றக் கூடாது.

‘பழைய கேஸ் ஷீட்தானே, யாரையும் தொடப்போவதில்லையே’ என்று ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் போகாமலே எக்செலில் ஏற்றத் தொடங்குகிறார்கள். கூடவே கூடாது. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலின்படி பழைய பதிவேடுகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கும் குழுவின் பரிசீலனை வேண்டும். நோயாளியின் ஒப்புதல் தேவையில்லை என்று விலக்குத் தருவதும் அந்தக் குழுதான், நாமே முடிவுசெய்ய முடியாது. எல்லாம் முடிந்த பிறகு அனுமதி கேட்டால் கிடைக்காது.

புகைப்பட விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம். முகத்தை மறைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ‘பாம்பனைச் சேர்ந்த 40 வயது மீனவர், வயிற்றில் திருக்கை முள்’ என்று எழுதினால் அந்த ஊரில் யார் என்று தெரியாமலா போகும்? ஊர்ப் பெயர், தேதி, கையில் குத்திய பச்சை எல்லாம் அடையாளம்தான். ஒரே ஒருவரின் கேஸை எழுதுவதாக இருந்தால், எங்கே வெளியாகும், யார் படிப்பார்கள் என்று தமிழில் விளக்கி, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வார்டு வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவது ஆய்வு ஆகாது.

யார் பெயர் முதலில் வரும் என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். உழைக்காதவர் பெயரைச் சேர்க்கச் சொன்னால் தயங்காமல் வழிகாட்டும் ஆசிரியரிடம் கேளுங்கள். பணம் கட்டினால் சில நாட்களில் வெளியிடுகிறோம் என்று மெயில் அனுப்பும் இதழ்கள் பக்கமே போக வேண்டாம்.

அப்புறம், 1979-இல் தொடங்கிய ஐசிஎம்ஆரின் எஸ்டிஎஸ் என்ற குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் இரண்டு மாத ஆய்வுக்கு உதவித்தொகை தருகிறது. அறிவிப்பு வந்த பிறகு கேள்வி தேட உட்காராதீர்கள். இப்போதே தியேட்டர் பதிவேட்டையும் டிரெஸ்ஸிங் அறையையும் கவனித்து, ஒரு பக்கத்தில் கேள்வியை எழுதி, நேரம் ஒதுக்கக்கூடிய ஓர் அசிஸ்டெண்ட் புரொஃபசரிடம் காட்டுங்கள்.