பேனா உடல் ஒரு பக்கம் மேடாக வந்தது: என் அனுபவம்

மரப் பேனா செய்ய, சீமைக் கருவேலங்கட்டையில் 7 மி.மீ. பித்தளைக் குழாய் ஒட்டி லேத்தில் (கடைசல் எந்திரம்) கடைந்தால், உலோக முனையோடு சேருமிடத்தில் ஒரு பக்கம் மேடு, எதிர்ப்பக்கம் பள்ளம். மாண்ட்ரலின் (கட்டையைக் கோத்துச் சுழற்றும் கம்பி) நட்டைத் தளர்த்தினேன் (ரொம்ப இறுக்கினால் கம்பி வளையும், வழக்கமான காரணம் அதுதான்). புஷ் (கட்டையின் இரு முனையிலும் வரும் அளவு வளையம்), மாண்ட்ரல் இரண்டும் புதிது போட்டேன். அப்படியேதான்.

மாண்ட்ரலின் கூம்பில் நீளவாக்கில் மார்க்கர் கோடுகள் போட்டு, ஹெட்ஸ்டாக்கில் (லேத்தின் தலைப்பகுதி) செருகி லேசாகத் திருகி எடுத்தேன். மை ஒரே பொட்டில் மட்டும் அழிந்திருந்தது; அப்படியென்றால் கூம்பு சரியாகப் பதியவில்லை. கூம்பு செருகும் ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) துளைக்குள் டார்ச் அடித்தால் மிளகளவு துரு! எங்கள் மண்டபம் ஊரின் உப்புக்காற்றுக்குப் பயந்து வெளியே எண்ணெய் பூசுகிறோம், உள்ளே யார் பார்க்கிறோம்? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த பச்சை ஸ்கிரப்பரைக் குச்சியில் சுற்றித் தேய்த்தேன். உப்புத்தாள் வேண்டாம், துளையின் கூம்பு வடிவே கெடும். மறுபடி மார்க்கர் போட்டதில் கோடுகள் முழுக்கச் சமமாக அழிந்தன. மேடும் போச்சு, நிம்மதி. இப்போது வேலை முடிந்ததும் துளைக்குள் மெஷின் எண்ணெய். செருகுமுன் அதை ஒட்டத் துடைக்கணும், இல்லையென்றால் கூம்பு வழுக்கும்.